ஒயிட் டவுனைச் சுற்ற ஸ்கூட்டர் எதற்கு?

சேலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "65 வயது அம்மா (முட்டி வலி உண்டு), மனைவி, எட்டு வயதுப் பையன், இரண்டு வயதுப் பெண் குழந்தையோடு புதுச்சேரி வருகிறோம். ஒரே நாள்தான். ஒயிட் டவுனை நடந்து பார்க்க முடியாது, இரண்டு ஸ்கூட்டர் எடுங்கள் அல்லது அரைநாள் ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள் என்று விடுதியில் சொல்கிறார்கள். அம்மாவை நடக்க வைக்கலாமா?"

தாராளமாக நடக்கலாம். ஒயிட் டவுன் என்கிற கடலோரப் பழைய பிரெஞ்சுப் பகுதி மொத்தமே தெற்கு வடக்காக ஒன்றரை கிலோமீட்டர். கடலிலிருந்து பெரிய வாய்க்கால் வரை அரை கிலோமீட்டர்கூட வராது. தெருக்கள் கட்டம் போட்ட நோட்டு மாதிரி நேராக ஓடுகின்றன, கிழக்கே போனால் கடல், மேற்கே போனால் வாய்க்கால், வழி தவற வாய்ப்பே இல்லை. இதற்கு அரைநாள் ஆட்டோ பேசச் சொல்கிறார்கள் என்றால், நடுவில் யாருக்கோ கமிஷன் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆட்டோவும் உங்களைப் பாதி நேரம் துணிக்கடையிலும் கைவினைப் பொருள் கடையிலும்தான் இறக்கிவிடும்.

ஸ்கூட்டர் விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வருகிறவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான். வாடகைக்கு விட அனுமதி வாங்கிய வண்டியின் நம்பர் பிளேட் கறுப்பாக இருக்கும், எழுத்து மஞ்சளாக இருக்கும். வெள்ளை பிளேட் வண்டியைக் கொடுத்தால் அது யாருடைய சொந்த வண்டியோ. விபத்து நடந்தால் சொந்த உபயோகத்துக்கு எடுத்த இன்ஷூரன்ஸ் வாடகை ஓட்டத்துக்குப் பணம் தராது, மொத்தமும் உங்கள் தலையில் விழும். அசல் லைசென்ஸ், அசல் ஆதாரைக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்பார்கள், கொடுக்கவே கொடுக்காதீர்கள். திருப்பித் தரும்போது ஒரு கீறலைக் காட்டி ஆயிரக்கணக்கில் கேட்டால், அசல் கார்டு அவர்கள் கையில் இருக்கும்போது நீங்கள் என்ன பேச முடியும்? பட்டப்பகலில் வெள்ளை பிளேட் வண்டிகளை வரிசையாக நிறுத்தி வாடகைக்கு விடுகிறார்கள், எல்லார் கண்ணிலும் படுகிறது, நடவடிக்கை எடுக்க வேண்டியவர்கள் கண்ணில் மட்டும் படுவதில்லை.

அப்புறம், நேரம். பீச் ரோட்டில் மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை வண்டிகள் வரக்கூடாது. முட்டி வலிக்காரர்களுக்கு ஊரிலேயே நல்ல பாதை அந்த நேரத்து பீச் ரோடுதான், சமதளம், உட்காரவும் இடம் உண்டு. உள்தெருக்களில் நடைபாதை என்பது பெயருக்குத்தான். ஒரு அடி உயரம் ஏறி, நாலு எட்டு வைத்து, பைக் மறித்து நிற்பதால் மறுபடி இறங்க வேண்டும். அம்மாவைத் தெரு ஓரமாகவே கூட்டிப் போங்கள்.

காலை ஆறு மணிக்கெல்லாம் காந்தி சிலைக்கு வந்துவிடுங்கள். எதிரில் 1836-இல் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கம். தெற்கே நடந்தால் மேரி கட்டடம், அதாவது பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சி அலுவலகம். பழைய கட்டடம் என்று நினைத்து அதன் முன் நின்று படம் எடுக்கிறார்கள். பழையது 2014-இல் ஒரு மழையில் இடிந்து விழுந்துவிட்டது, இது அதே தோற்றத்தில் திரும்பக் கட்டி 2021-இல் திறந்தது. விழுகிற நிலையில் இருக்கிறது என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தும் சும்மா விட்டுவிட்டு, விழுந்தபின் கோடிகளைக் கொட்டினார்கள். இன்னும் எத்தனை வீடுகள் அப்படி நிற்கின்றன!

அங்கிருந்து டுமாஸ் வீதிக்குத் திரும்பி வடக்கே வாருங்கள். காலையில் தெருவின் கிழக்குப் பக்கச் சுவரை ஒட்டி நடந்தால் நிழல் இருக்கும், மதியத்துக்கு மேல் மேற்குப் பக்கம். பாரதி பூங்காவில் மூன்றாம் நெப்போலியன் காலத்து ஆயி மண்டபத்தருகே அம்மா அரைமணி நேரம் உட்காரட்டும்.

அடுத்து மணக்குள விநாயகர் கோயில், பக்கத்திலேயே அரவிந்தர் ஆசிரமம். இங்கே உங்கள் குடும்பத்துக்கு ஒரு சிக்கல் உண்டு. மூன்று வயது ஆகாத குழந்தையை ஆசிரமத்துக்குள் விடமாட்டார்கள், கெஞ்சிப் பயனில்லை. அதனால் நீங்களும் மனைவியும் முறை மாற்றிப் போங்கள். முதலில் அம்மாவும் மனைவியும் உள்ளே போகட்டும், நீங்கள் பாப்பாவோடு கோயில் பக்கம் இருங்கள். அவர்கள் வந்ததும் நீங்கள் பையனைக் கூட்டிப் போங்கள், பேசாமல் இருப்பான் என்றால் மட்டும். 12 மணியிலிருந்து 2 வரை மூடியிருக்கும், 11.45-க்குப் போய் நின்றால் இரண்டாவது ஆளுக்கு நேரம் இருக்காது, பத்து மணிக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

இதோடு திரும்பிவிடாதீர்கள். வாய்க்காலைத் தாண்டி வைசியாள் வீதிக்குப் போங்கள். ஒயிட் டவுனில் பார்ப்பதெல்லாம் உயர்ந்த மதில், பெரிய கேட், உள்ளே என்னவோ. இந்தப் பக்கம் தமிழ் வீடுகள் தெருவைப் பார்த்துத் திறந்திருக்கும். திண்ணை, அதற்கு வெளியே மரத்தூண்கள் தாங்கிய தாழ்வாரம். வீட்டுக்காரர் தன் செலவில் வழிப்போக்கனுக்குப் போட்டுக் கொடுத்த நிழல் அது. அருகருகே பல வீடுகளைச் சீரமைத்ததற்காக இந்தத் தெருவுக்கு 2008-இல் யுனெஸ்கோ விருதுகூட வந்தது. ஆனால் மஞ்சள் பெயின்ட் அடித்த ஓட்டல் வாசலில் எடுக்கும் படத்துக்குள்ள மவுசு இதற்கு இல்லை, எனக்கு அது பெரிய வருத்தம். பக்கத்தில் ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதி வாழ்ந்த வீட்டையும் பையனுக்குக் காட்டுங்கள்.

"இது நானூறு வருஷ வீடு சார்" என்று யாராவது கைடு ஒட்டிக்கொண்டால் நம்ப வேண்டாம். 1761-இல் ஆங்கிலேயர் இந்த ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள், ஒயிட் டவுனில் நீங்கள் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகு எழுந்தது.

பீச் ரோட்டை ஒட்டிக் கடலோரம் கிடக்கும் பாறைகள் மேல் பையனை ஏற விடாதீர்கள். அந்தக் கரையில் முன்பு மணல்தான் இருந்தது. 1980-களில் தெற்கே துறைமுகத்துக்குக் கல்சுவர் கட்டி, வடக்கே நகரும் மணலை மறித்துவிட்டதால் கடல் உள்ளே வந்தது, தடுக்கப் பாறையைக் கொட்டினார்கள். ஈரமும் பாசியும் சேர்ந்தால் கால் நிற்காது. தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது, அங்கே விளையாடட்டும், தண்ணீரில் மட்டும் இறங்க வேண்டாம், உயிர் போயிருக்கிறது.

ரயில் நிலையத்துப் பக்கம் உள்ள இருதய ஆண்டவர் பசிலிக்காவுக்கு மட்டும் அம்மாவுக்காக ஒரு ஆட்டோ பிடியுங்கள். சுற்றிப் பார்க்க என்று சொல்லாமல் இடத்தை மட்டும் சொல்லி, ஏறும் முன்பே வாடகையைப் பேசிவிடுங்கள், வழியில் "ஒரு கடை பார்த்துட்டுப் போகலாமா" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.