மதராஸின் கையில் இருந்த பர்மா

கேள்வி: பிரிட்டிஷ் ஆட்சியில் 'பர்மா கமாண்ட்' என்ற ராணுவப் பிரிவு எப்போது, எப்படி உருவானது? அதன் அமைப்பு என்ன? நம் தமிழர்களுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லைதான், பொது அறிவுக்காகக் கேட்கிறேன்.
- ஒரு வாசகர், மோல்மீன்

பதில்: கமாண்ட் உருவான கதைக்கு அப்புறம் வருகிறேன். "சம்பந்தம் இல்லைதான்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டீர்களே, அதைத் தாண்டி மேலே போக எனக்கு மனம் வரவில்லை. அதுவும் மோல்மீனில் இருந்துகொண்டு எழுதுகிறீர்கள். முதல் பர்மியப் போரை முடித்த 1826 யாண்டபோ உடன்படிக்கைக்குப் பிறகு உங்கள் ஊர் பட்டாள ஊராக வளர்ந்ததே மதராஸ் சிப்பாய்களை வைத்துத்தான்.

அந்தப் போருக்காக 1824 மே மாதம் ரங்கூனில் வந்து இறங்கிய கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்த சிப்பாய்களில் பெரும்பாலோர் மதராஸ் ராஜதானிப் பட்டாளத்தைச் சேர்ந்தவர்கள். வங்காளப் பட்டாளத்துக்குப் பர்மா என்றாலே கலக்கம். அதே வருடம் நவம்பரில் பாரக்பூரில் 47ஆம் ரெஜிமெண்ட் பர்மாவுக்குப் புறப்பட மறுத்தது. கம்பெனி பீரங்கியை வைத்து அவர்களைச் சுட்டது. மதராஸ்காரர்கள் கப்பல் ஏறி வந்தார்கள். அவர்களுக்கு அரிசியும் ஆளும் அனுப்பிக்கொண்டிருந்தவர் அப்போது மதராஸ் கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ. வந்தவர்களில் ஏராளமானோர் ஊர் திரும்பவில்லை. சண்டையில் செத்ததைவிடக் காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் செத்ததுதான் அதிகம். எல்லோரும் தமிழர் என்று நான் சொல்ல மாட்டேன். தெலுங்கரும் முஸ்லிம்களும் நிறைய இருந்தார்கள். ஆனால் ஆர்க்காடு, சேலம், திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்கள் இல்லாத மதராஸ் பட்டாளம் என்று ஒன்று கிடையாது.

1885இல் மண்டலையைப் பிடித்து, தீபா மன்னரை ரத்னகிரிக்கு அனுப்பிய படையின் தலைவர் பிரெண்டர்காஸ்ட்டும் மதராஸ் என்ஜினியர் பிரிவிலிருந்து வந்தவர்தான். அரண்மனையைப் பிடித்தார்களே தவிர நாட்டைப் பிடிக்க முடியவில்லை. கிராமத்துக்குக் கிராமம் எதிர்ப்பு. 1886இல் மதராஸ் சேனாதிபதி மெக்பர்சனையே நேரில் அனுப்பினார்கள். வந்த கொஞ்ச நாளில், அக்டோபரில், காய்ச்சலில் இறந்துபோனார்.

நம் ஆட்களை வெளியே தள்ளிய கதை இதற்கு அடுத்துத்தான் தொடங்குகிறது. இந்தப் பக்கத்தில் நான் ராபர்ட்ஸ் துரையைத் திட்டும்போதெல்லாம் சிலர் சலித்துக்கொள்கிறார்கள். சலித்துக்கொள்ளட்டும். 1881 முதல் 1885 வரை மதராஸ் சேனாதிபதி, அப்புறம் 1893 வரை இந்தியா முழுவதற்கும் சேனாதிபதி. தெற்கத்திக்காரன் சண்டைக்கு லாயக்கில்லை, வடக்கே இருக்கிற சில ஜாதிகள்தான் போர்க்குடிகள் என்பது அவருடைய கொள்கை. அந்தக் கொள்கையை நடத்திக் காட்ட அவருக்குக் கிடைத்த இடம் பர்மா. மதராஸ் காலாட்படை ரெஜிமெண்ட்டுகள் பலவற்றை 1890ஐ ஒட்டிய வருடங்களில் 'பர்மா பட்டாலியன்' ஆக்கினார்கள். நம்பர் அப்படியே இருந்தது, உள்ளே இருந்த ஆட்களை மட்டும் கழித்துவிட்டுப் பஞ்சாபிகளையும் கூர்க்காக்களையும் நிரப்பினார்கள். 10ஆம் மதராஸ் காலாட்படை கடைசியில் 10ஆம் கூர்க்கா ரைபிள்ஸ் ஆனது. 30, 31, 32 ஆகிய மதராஸ் ரெஜிமெண்ட்டுகள் 90, 91, 92ஆம் பஞ்சாபி ரெஜிமெண்ட்டுகள் ஆயின. மண்டலைக்குப் பக்கத்து மலை ஊரான மேமியோவில் இன்றும் கூர்க்காக் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. பேரனுக்குத் தாத்தாவின் ரெஜிமெண்ட் நம்பர் தெரியும் அவர்கள் வீடுகளில். நம் வீடுகளில் தாத்தா பட்டாளத்தில் இருந்தாரா என்பதே தெரியாது.

சரி, கமாண்டுக்கு வருகிறேன். 1895இல் வங்காளம், பம்பாய், மதராஸ் என்று தனித்தனியாக இருந்த ராஜதானிப் பட்டாளங்களைக் கலைத்து, இந்திய ராணுவத்தை நான்கு கமாண்டுகளாகப் பிரித்தார்கள். பர்மா சேர்ந்தது மதராஸ் கமாண்டில். பத்து வருடம்கூடப் போகவில்லை, இந்திய சேனாதிபதியாகக் கிச்னர் வந்து எல்லாவற்றையும் மாற்றினார். பர்மா தனி டிவிஷன் ஆகி, எந்தக் கமாண்டுக்கும் கீழே வராமல் நேராகத் தலைமையகத்தோடு சேர்ந்தது. மேமியோ அதன் இருப்பிடம். முதல் உலகப் போருக்குப் பிறகு 'பர்மா தனி மாவட்டம்' என்று பெயர். 1937 ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தபோதுதான் சொந்தமாக ஒரு பர்மா ராணுவம் வந்தது. இரண்டு பிரிட்டிஷ் பட்டாலியன், கரேன், கச்சின், சின் ஆட்களைப் பெரும்பாலும் கொண்ட பர்மா ரைபிள்ஸ் நான்கு பட்டாலியன், எல்லைப்படை, ராணுவ போலீஸ். அமைப்பு என்று நீங்கள் கேட்டது இவ்வளவுதான். சின்னப் படை.

அந்தச் சின்னப் படையை யார் நடத்துவது என்பதில் நடந்த குளறுபடியை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. முதலில் போர் விஷயத்துக்கு லண்டன். 1940 நவம்பரில் சிங்கப்பூர். ஜப்பான் சண்டையைத் தொடங்கியதும், 1941 டிசம்பரில், இந்தியா. சில வாரத்திலேயே ஜாவாவில் உட்கார்ந்திருந்த நேச நாடுகளின் கூட்டுக் கமாண்ட். அது பிப்ரவரியில் கலைந்ததும் மறுபடி இந்தியா. வீட்டுக்குத் தீப்பிடித்த நேரத்தில் சாவிக்கொத்து கைமாறிக்கொண்டே இருந்த மாதிரி. தளபதிகளும் அப்படித்தான்: மெக்லியாட் போய் டிசம்பர் கடைசியில் ஹட்டன், மார்ச் முதல் வாரத்தில் அலெக்சாண்டர்.

1942 பிப்ரவரி 23 விடியற்காலை, ஜப்பான் படை கடந்துவிடக் கூடாது என்று, சித்தாங் ஆற்றுப் பாலத்தைப் பிரிட்டிஷார் தாங்களே தகர்த்தார்கள். 17ஆம் இந்திய டிவிஷனின் பெரும்பகுதி அப்போது ஆற்றுக்கு எதிர்க்கரையில் நின்றது. மூங்கிலைக் கட்டிக்கொண்டும், பெட்ரோல் டின்னைப் பிடித்துக்கொண்டும் நீந்தி வந்தார்கள். கரையேறிய பிறகு எண்ணிப் பார்த்தால் காலாட்படையில் சுமார் 3,500 பேர். கையில் துப்பாக்கி இருந்தவர்கள் 1,420 பேர். மார்ச் 8இல் ரங்கூன் விழுந்தது.

இதில் நமக்கு என்ன சம்பந்தம் என்று இப்போதும் கேட்பீர்களா? ரங்கூன் துறைமுகத்தில் சரக்கு இறக்கியவர்கள் தெலுங்கரும் தமிழரும். 1941 டிசம்பர் 23 குண்டுவீச்சில் அவர்கள் ஊரைவிட்டு ஓடியபோது ராணுவத்துக்கு வந்த சாமான்கள் கப்பலிலேயே கிடந்தன. இவர்கள் போய்விட்டால் படை படுத்துவிடும் என்று சர்க்காருக்குத் தெரியும். அதனால்தான் பிரோம் சாலையில் மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். ஆண்கள் டெக் டிக்கெட்டில், அதாவது மேல்தட்டில் போகிற மலிவு டிக்கெட்டில், கப்பல் ஏறுவதற்கும் ஒரு கட்டத்தில் தடை போட்டார்கள். தேவைப்பட்டபோது பிடித்து நிறுத்தியவர்கள், தேவை முடிந்ததும் வழியைத் திறந்துவிட்டு நடந்து போ என்றார்கள். தவுங்குப் கணவாய் வழியாக அரக்கானுக்கும், கலேவா, தமு வழியாக மணிப்பூருக்கும் நடந்த இந்தியர்கள் பல லட்சம். வழியில் செத்தவர்கள் பல்லாயிரம். யார் கமாண்ட் என்பதில் மேலிடம் தடுமாறிய அந்த மாதங்களுக்கு விலை கொடுத்தவர்களில் இவர்களும் உண்டு.

போருக்குப் பிறகான கதை சுருக்கம். இங்கே இருந்த 12ஆம் ஆர்மி 1946 ஜனவரி 1 அன்று 'பர்மா கமாண்ட்' என்று பெயர் மாறியது. நீங்கள் கேட்ட பெயர் இதுதான். 1948 ஜனவரி 4 சுதந்திரத்தோடு அதன் வேலை முடிந்தது. சுதந்திர பர்மா தனக்கென்று பிராந்தியக் கமாண்டுகளை அமைத்துக்கொண்டது. அவற்றில் தென்கிழக்குக் கமாண்டின் தலைமையகம் உங்கள் மோல்மீனில்தான்.

நம் கோயில் விழா மலர்களைத் தயாரிப்பவர்களோடு எனக்குள்ள பழைய சண்டையும் இதைப் பற்றித்தான். வருடம் தவறாமல் செட்டியார் வட்டிக்கடை, நெல் வயல், கூலிக் கப்பல். எல்லாம் உண்மை, எழுத வேண்டியதுதான். பட்டாளத்தைப் பற்றி ஒரு பக்கம் கூடவா கிடைக்கவில்லை? அந்நியன் நாட்டைப் பிடிக்க நம் ஆட்கள் துணை போனார்களே, அதை ஏன் கிளற வேண்டும் என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். மறைத்தால் மட்டும் அது நடக்காததாகிவிடுமா? பர்மியர்களோடு பக்கத்து வீட்டில் வாழ்கிறவர்கள் இதை நேராகத் தெரிந்துவைத்துக்கொண்டு பேசுவதுதான் மரியாதை.

பியே சாலையில் தவுக்யான் போர்க் கல்லறை இருக்கிறது. கல்லறை எங்கே என்று தெரியாத சுமார் 27,000 பேரின் பெயர்களை அங்கே தூண்களில் வெட்டியிருக்கிறார்கள். எல்லாம் ரெஜிமெண்ட் வாரியாக. நடுவில் உள்ள வட்ட மண்டபத்தில் "சுதந்திர மனிதர் அனைவருக்காகவும் இறந்தார்கள்" என்ற வாசகம் ஆங்கிலம், பர்மியம், இந்தி, உருது, குர்முகி என ஐந்து எழுத்துகளில் இருக்கிறது. தமிழ் இல்லை. பட்டாளத்தின் என்ஜினியர் பிரிவான மதராஸ் சாப்பர்ஸ் பெயர்கள் அதே தூண்களில் இருக்கின்றன. லாயக்கில்லை என்று கலைத்துவிட்டு, போர் வந்ததும் திரும்ப உயிர் கொடுத்த மதராஸ் ரெஜிமெண்ட்டின் பெயர்களும் இருக்கின்றன.

அடுத்த முறை ரங்கூன் வரும்போது அங்கே போய், அந்த இரண்டு தலைப்புகளுக்குக் கீழே இருக்கும் பெயர்களை ஒரு நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டு வாருங்கள். எத்தனை பக்கம் ஆனாலும் சரி, விளம்பரத்தைக் குறைத்தாவது இந்தப் பத்திரிகையில் போடுகிறேன். வீட்டில் பழைய பட்டாளப் பென்ஷன் காகிதம் வைத்திருப்பவர்களும் நகல் அனுப்புங்கள்.