வாத்தியார் பதில்கள்

கேள்வி: ஐயா, என் பேரனுக்குக் கூடைப்பந்துப் பைத்தியம். மைக்கேல் ஜோர்டன் நடுவில் பேஸ்பால் ஆடப் போய் மண்ணைக் கவ்வினார் என்கிறான். அவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கு ஏன் இந்த வேண்டாத வேலை?
– ஒரு பாட்டி, சுங்கை சிப்புட்

பதில்: போனது உண்மைதான் அம்மா. மண்ணைக் கவ்வினார் என்பதைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

1993 ஜூலையில் அவருடைய தந்தையைக் கொன்றுவிட்டார்கள். மகன் பேஸ்பால் ஆட வேண்டும் என்பது அந்தத் தந்தையின் ஆசை. மூன்று பட்டங்களைத் தொடர்ந்து வென்றிருந்த மகன், அந்த ஆண்டே கூடைப்பந்தை விட்டார். அடுத்த ஆண்டு, 31 வயதில், பர்மிங்ஹாம் பாரன்ஸ் என்ற மைனர் லீக் குழுவில் சேர்ந்தார். அமெரிக்க பேஸ்பாலின் உச்சப் படியான மேஜர் லீக்குக்கு இரண்டு படி கீழே இருக்கும் குழு அது.

பேரன் சொல்லும் கணக்கு இதுவாகத்தான் இருக்கும்: மட்டை பிடித்த 436 வாய்ப்பில் 88 முறைதான் சரியாக அடித்தார், அதாவது ஐந்துக்கு ஒன்று; 114 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் ஆகி வெளியேறுவது), 3 ஹோம் ரன் (ஒரே அடியில் சுற்றி வந்து ஓட்டம் எடுப்பது). அவன் விட்டுவிட்ட கணக்கும் உண்டு: 127 ஆட்டங்களில் 30 பேஸ்களைத் திருடினார் (யாரும் பந்தை அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது), அவர் மட்டையால் 51 ஓட்டங்கள் வந்தன. பள்ளிப் பருவத்தோடு மட்டையைக் கீழே வைத்தவருக்கு இது கேவலமா?

என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்தை விட்டுப் பத்து வருடம் கழித்து, ஆசைக்கு ஒரு மரத்தில் கத்தி வைத்தார். கொஞ்சம் ஆழமாக இறங்கிவிட்டது. பால் கோட்டில் ஓடாமல் பட்டையெல்லாம் வழிந்தது. பால் பிடிக்கும் மங்கில் சொட்டுக்கூட விழவில்லை. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பார்த்திருந்தால் அன்றைக்குக் கூலிக்குப் பேர் போட்டிருக்க மாட்டார். ஜோர்டனுக்கும் இதே கதைதான். கடைசி நேரத்தில் வளைந்து இறங்கும் பந்து அவரை ஏமாற்றிக்கொண்டே இருந்தது. எறிபவர் கையிலிருந்து அது வந்து சேர அரை நொடிதான். யோசித்து அடிக்க நேரம் கிடையாது, கைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

அவர் திரும்பிய காரணத்தையும் பேரனிடம் சொல்லுங்கள். 1994 ஆகஸ்டில் மேஜர் லீக் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்த ஆண்டும் அது முடியாததால், முதலாளிகள் மாற்று ஆட்களை வைத்து ஆடத் தயாரானார்கள். ஜோர்டன் அந்தக் கூட்டத்தில் சேர மறுத்து, 1995 மார்ச்சில் கூடைப்பந்துக்கே போய்விட்டார். தொழிற்சங்கச் சந்தாவைத் தவறாமல் கட்டிய தோட்டத் தொழிலாளியின் மகன் நான். அவருடைய ஆறு பட்டங்களையும்விட எனக்குப் பிடித்தது இதுதான்.

கேள்வி: மைனர் லீக்கில் சம்பளம் எப்படி வாத்தியாரே? என் மகன் சாஃப்ட்பால் நன்றாக ஆடுகிறான்.
– ஒரு தந்தை, பஹாவ்

பதில்: ஆசையை வளர்க்குமுன் கணக்கைப் பாருங்கள். ‘லோ-ஏ’ என்ற கீழ்ப்படியில் இருப்பவருக்கு 2022 வரை ஆண்டுக்குச் சுமார் 11,000 அமெரிக்க டாலர்தான். சீசன் முடிந்ததும் வேறு வேலை தேடி ஓட வேண்டும். பிறகு தொழிற்சங்கத்தில் சேர்ந்தார்கள். 2023 ஒப்பந்தத்தில் அது 26,200 ஆனது. மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழே இருப்பவருக்கு 35,800. நம் மலேசிய வெள்ளிக்கு மாற்றினால் பெரிதாகத் தெரியும். அந்த ஊர் விலைவாசியில் அது ஒன்றுமில்லை. தங்க இடம் தருகிறார்கள், நம் தோட்டத்து லயன் வீடு மாதிரி. பையன் ஆடட்டும். எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) புத்தகத்தை மட்டும் மூட விடாதீர்கள்.

கேள்வி: நீங்கள் பள்ளியில் ஆடியபோது மைதானத்தில் எந்த இடத்தில் நின்றீர்கள்?
– ஒரு பழைய மாணவன்

பதில்: தெரிந்துகொண்டே கேட்கிறாயா தம்பி? வலது அவுட்ஃபீல்ட், அதாவது மைதானத்தின் வலது கோடி. பள்ளிக் குழுக்களில் பந்து அதிகம் வராத இடம். ஆடத் தெரியாதவனை அங்கேதான் நிறுத்துவார்கள். எனக்குப் பின்னால் செம்பனை வரிசை. தலைக்கு மேல் போன பந்தைத் தேடி உள்ளே போனால், திரும்புவதற்குள் மூன்று பேர் ஓடி முடித்திருப்பார்கள். ஜோர்டனையும் பெரும்பாலும் வலது பக்கத்தில்தான் நிறுத்தினார்கள் என்று தெரிந்த அன்று, வீட்டில் யாரும் கேட்காமலே இரண்டு முறை சொன்னேன்.