ஒரே லேப்டாப்பில் நாலைந்து விஎம்: எதைப் பார்த்து வாங்குவது? கேள்வி பதில்

ஒரே நேரத்தில் பல விர்ச்சுவல் மெஷின் (விஎம், அதாவது ஒரு கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) ஓட்ட எந்த லேப்டாப் வாங்கலாம் என்று வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சர்வர் அட்மின் வேலை பழகுகிறேன் அண்ணா. ஒரு விண்டோஸ் சர்வர், ஒரு விண்டோஸ் 11, மூன்று லினக்ஸ், எல்லாம் ஒன்றாக ஓட வேண்டும். 16 ஜிபி ரேம் போதுமா?

போதாது தம்பி. நீங்களே கூட்டிப் பாருங்கள். விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. அதை மட்டும் கொடுத்தால் பூட் ஆகும், ஆனால் உட்கார்ந்து வேலை பார்க்க முடியாது, 6 கொடுங்கள். டெஸ்க்டாப்போடு வரும் விண்டோஸ் சர்வருக்கு 4. டெஸ்க்டாப் இல்லாத லினக்ஸ் ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை வைத்தால் மூன்றுக்கு நாலரை. இதிலேயே பதினாலரை போய்விட்டது. லேப்டாப்பில் ஏற்கெனவே ஓடும் விண்டோஸ், பிரவுசரில் திறந்து வைத்திருக்கும் இருபது டேப் எல்லாவற்றுக்கும் இன்னும் 6 முதல் 8 ஜிபி வேண்டும். ஆக 32 வாங்குங்கள்.

பிராசசர் கொஞ்சம் மந்தமாக இருந்தால் வேலை மெதுவாக நடக்கும், அவ்வளவுதான். ரேம் தீர்ந்தால் கதையே வேறு. ஐந்தாவது விஎம் ஸ்டார்ட் ஆகாமல் எரர் காட்டும், இல்லையென்றால் ஹோஸ்ட், அதாவது லேப்டாப்பில் நேரடியாக ஓடும் விண்டோஸ், ரேமில் இடமில்லாததை எஸ்எஸ்டிக்கு மாற்றி மாற்றி எடுக்க (ஸ்வாப்) ஆரம்பித்து எல்லா விஎம்மும் சேர்ந்து திணறும், மவுஸ் நகர்வதே கஷ்டமாகிவிடும். அதனால்தான் யார் கேட்டாலும் முதலில் ரேம், அப்புறம்தான் மற்றது என்கிறேன்.

கேள்வி: இப்போது 16 ஜிபி வாங்கிவிட்டு பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். சரியா?

மாடலைப் பொறுத்தது. விவரப் பட்டியலில் எல்பிடிடிஆர் (LPDDR, மின்சாரம் குறைவாக எடுக்கும் ரேம் வகை) என்று போட்டிருந்தால் பெரும்பாலும் ரேம் போர்டோடு சால்டர் ஆகியிருக்கும், வாங்கிய அளவுதான் கடைசிவரை. இன்டெல் கோர் அல்ட்ரா 200வி வரிசையில் ரேம் பிராசசர் பேக்கேஜிலேயே இருக்கிறது, அதிகபட்சமே 32 ஜிபி. பேட்டரிக்கு அருமையான சிப், ஆனால் விஎம் வேலைக்கு நான் அதை எடுக்க மாட்டேன்.

நீங்கள் தேட வேண்டியது சோடிம் ஸ்லாட் (ரேம் குச்சியைக் கழற்றி மாட்டும் இடம்) இரண்டு இருக்கும் மாடல். டிடிஆர்5-இல் 48 ஜிபி குச்சியும் கிடைப்பதால், போர்டு ஏற்றுக்கொண்டால் 96 வரை போகலாம். ஒரு ஸ்லாட் மட்டும் வைத்து மீதியை சால்டர் செய்த மாடல்களும் உண்டு, எனவே வாங்குமுன் அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலை இறக்கிப் பாருங்கள். விளம்பரத்தில் இதெல்லாம் இருக்காது. வர்க்ஸ்டேஷன் வகை லேப்டாப்கள் சிலவற்றில் நாலு ஸ்லாட் வரும். கனமாக இருக்கும், சார்ஜரே செங்கல் மாதிரி இருக்கும், ஆனால் பழைய மாடலாக இருந்தாலும் இந்த வேலைக்குப் புது மெல்லிய லேப்டாப்பை விட அதுதான் மேல்.

கேள்வி: ஐ7 என்றால் யோசிக்காமல் வாங்கலாம்தானே?

கூடாது! கடைசி எழுத்தைப் பாருங்கள். ஐ7-1255யு, ஐ7-12700ஹெச் இரண்டுமே ஒரே தலைமுறை, இரண்டுமே ஐ7. முதலாவதில் பெரிய கோர் (வேகமானது) 2, சின்ன கோர் (மெதுவானது, மின்சாரம் மிச்சம் பிடிப்பது) 8. இரண்டாவதில் பெரியது 6, சின்னது 8. மின்சாரக் கணக்கும் முதலாவதுக்கு 15 வாட், இரண்டாவதுக்கு 45 வாட். இந்த வகை பிராசசரில் இன்னொரு தொந்தரவு, விஎம் ஜன்னலைச் சுருக்கி வைத்தால் விண்டோஸ் அதைப் பின்னணி வேலை என்று நினைத்து சின்ன கோர்களுக்குத் தள்ளிவிடலாம். ரைசன் 7 7840ஹெச்எஸ் மாதிரி 8 கோரும் ஒரே வகையாக இருந்தால் இந்தத் தலைவலி இல்லை.

ஒரு விஎம்முக்கு ஒரு கோர் என்று கணக்குப் போடவும் வேண்டாம். பெரும்பாலான விஎம் பெரும்பாலான நேரம் சும்மாதான் இருக்கும், எட்டு கோரில் ஆறேழு விஎம் தாராளமாக ஓடும். எல்லாவற்றுக்கும் நாலு நாலு கோர் வாரிக் கொடுத்தால்தான் ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்ளும். இரண்டில் ஆரம்பியுங்கள்.

கேள்வி: எம் வரிசை மேக்புக் எடுத்தால்?

உங்கள் விஎம் எல்லாம் ஆர்ம் (மேக்புக்கில் இருக்கும் சிப் வகை) லினக்ஸ் என்றால் தாராளமாக. விண்டோஸ் 11-இன் ஆர்ம் பதிப்பும் ஓடும். எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி சிப் வகை) விண்டோஸ் சர்வரோ, பயிற்சிக்கான பழைய விஎம் இமேஜோ வேண்டுமென்றால் எமுலேஷனில்தான், அதாவது ஒரு சிப்பை இன்னொன்று மாதிரி நடிக்க வைத்துத்தான், ஓட்ட முடியும், அது பொறுமையைச் சோதிக்கும். ரேமும் பின்னால் ஏற்ற முடியாது.

கேள்வி: கிராஃபிக்ஸ் கார்டு வேண்டுமா?

வேண்டாம். அந்தக் காசை ரேமில் போடுங்கள்.

கேள்வி: 512 ஜிபி எஸ்எஸ்டி போதுமா? சாட்டாவா, என்விஎம்இயா?

என்விஎம்இ (புதிய, வேகமான எஸ்எஸ்டி வகை), 1 டிபி. பழைய வகையான சாட்டா நொடிக்குச் சுமார் 550 எம்பியில் நின்றுவிடும், ஆனால் அதைவிட முக்கியம், நாலு விஎம் ஒரே நேரத்தில் இங்கும் அங்கும் சின்னச் சின்னதாகப் படித்து எழுதும்போது என்விஎம்இ அசராது. இரண்டாவது எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டி மாட்டும் இடம்) இருந்தால் விஎம்களைத் தனி டிஸ்க்கில் வையுங்கள். இடத்தை விழுங்குவது ஸ்னாப்ஷாட்தான் (விஎம்மின் அந்த நேர நிலையைச் சேமித்து வைப்பது), எடுத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். ஒரே ஓஎஸ்ஸில் நாலு விஎம் வேண்டுமென்றால் லிங்க்டு க்ளோன் போடுங்கள், அடிப்படை டிஸ்க் ஒன்றுதான் இருக்கும், மாறிய பகுதி மட்டும் தனித்தனியாகச் சேரும்.

கேள்வி: என் லேப்டாப்பில் 32 ஜிபி இருக்கிறது, ஆனாலும் விர்ச்சுவல்பாக்ஸ் (விஎம் ஓட்டும் மென்பொருள்) ஆமை வேகம். புது லேப்டாப் வாங்கணுமா?

பொறுங்கள். விஎம் ஜன்னலின் கீழே பச்சை ஆமைப் படம் தெரிகிறதா? நிஜமாகவே ஒரு ஆமை ஐகான் உண்டு. அது தெரிந்தால், விண்டோஸிலேயே இருக்கும் விஎம் வசதியான ஹைப்பர்-வி ஏற்கெனவே ஹார்டுவேரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, விர்ச்சுவல்பாக்ஸ் அதன் மேல் ஏறி ஓடுகிறது என்று பொருள். டபிள்யூஎஸ்எல்2 (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி), மெமரி இன்டெக்ரிட்டி (விண்டோஸின் ஒரு பாதுகாப்பு வசதி) இவை ஆனில் இருந்தாலும் இப்படி ஆகும். இவற்றை அணைத்துப் பார்க்கலாம், ஆனால் மெமரி இன்டெக்ரிட்டியை அணைத்தால் பாதுகாப்பு ஒரு படி குறையும், அதைத் தெரிந்து செய்யுங்கள். விண்டோஸ் ப்ரோ இருந்தால் ஹைப்பர்-வியிலேயே விஎம்களை ஓட்டிவிடலாம், ஹோம் பதிப்பில் அது வராது. விஎம்வேர் வர்க்ஸ்டேஷன் ப்ரோவும் 2024 முதல் இலவசம், அதையும் போட்டுப் பாருங்கள்.

விஎம் ஸ்டார்ட்டே ஆகவில்லை என்று கேட்டவர்களுக்கு: பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் லேப்டாப் செட்டிங் திரை) விஎம்முக்கு உதவும் செட்டிங்கை, இன்டெல் என்றால் விடி-எக்ஸ், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் மோடு, ஆன் செய்யுங்கள்.

கேள்வி: ஐந்து விஎம் ஓடும்போது பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும்?

சார்ஜரைச் செருகிவிட்டு உட்காருங்கள். பேட்டரியில் ஓடும்போது பல லேப்டாப்கள் பிராசசர் வேகத்தையே குறைத்துவிடும்.