பரிசலில் இருந்து பார்ப்பவர் யார்?

ஒகேனக்கல் அருவியைப் பற்றிய உங்கள் கதைப் பத்தி, உவமைகள் இருந்தும் ஏன் மனதில் ஒட்டவில்லை என்று கேட்டிருந்தீர்கள். கோளாறு உவமையில் இல்லை. மூன்றாம் வரியில் பார்வை, 'நான்' என்று பேசும் பரிசலோட்டியின் மகனை விட்டு நழுவி, கரையில் நிற்கும் யாரோ ஒருவருக்குப் போய்விடுகிறது.

அங்கே வரும் 'அருவி வெள்ளிப் பட்டாடை போல் விரிந்தது' என்பது சுற்றுலாப் பயணியின் கண். துடுப்புப் பிடிப்பவனுக்கு அது மூங்கில் பரிசலின் அடியில் வந்து இடிக்கும் சுழல். ஊருக்கே கன்னடத்தில் 'புகையும் பாறை' என்று பொருள்பட ஒகேனக்கல் எனப் பெயரிட்டவர்கள்கூடக் கண்ணெதிரே எழும் சாரலைத்தான் உருவகமாக்கினார்கள்.

ஒவ்வோர் உவமையிலும் வரும் பொருளை அந்தப் பையன் தொட்டிருப்பானா என்று கேட்டுப் பாருங்கள். பட்டாடை விழுந்துவிடும், கரையோரக் கடையில் மீன் வறுபடும் எண்ணெய்ச் சீறல் நிலைத்து நிற்கும்.

அவன் வளர்ந்தபின் நினைவுகூர்வதாக எழுதினால் இந்தக் கட்டுப்பாடு தளரும். ஆனால் அந்தக் கால இடைவெளியை முதல் வரியிலேயே காட்டிவிடுங்கள்.