டியர் 2 கடிதம் வந்தால் பதற வேண்டாம்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டினுக்கு வந்த சில மாதங்களிலேயே, இரண்டாம் வகுப்பு மகனை வாசிப்புக்காக 'டியர் 2' (Tier 2, அதாவது இரண்டாம் அடுக்கு) குழுவில் சேர்த்திருப்பதாகப் பள்ளியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, மக்கு என்று ஒதுக்குகிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லவே இல்லை சகோதரி, தைரியமாக இருங்கள்.

வகுப்பில் எல்லோருக்கும் நடக்கும் பாடம் டியர் 1. வழக்கமாக வருடத்தில் மூன்று முறை எல்லாப் பிள்ளைகளையும் சோதித்துப் பார்ப்பார்கள். பின்தங்குகிறவர்களை நாலைந்து பேராக உட்காரவைத்து, விட்டுப்போனதைத் தனியாகச் சொல்லிக்கொடுப்பது டியர் 2. அதிலும் தேறாவிட்டால் இன்னும் சின்னக் குழு, இன்னும் அதிக நேரம். அது டியர் 3. நம் ஊரில் காசு கொடுத்து டியூஷன் அனுப்புவோமே, அதைப் பள்ளியே பள்ளி நேரத்தில் இலவசமாகச் செய்கிறது.

என் மகளும் முதல் வகுப்பில் இதில் இருந்தாள். புதிய பக்கம் ஒன்றைக் கொடுத்து ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்வார் டீச்சர். தவறாக வாசிக்கும் சொற்களைத் தன் தாளில் அடித்துக்கொண்டே வருவார். சரியாக வாசித்த சொற்களின் எண்ணிக்கை கிராஃபில் ஒரு புள்ளியாகும். மீட்டிங்கில் அந்தக் கிராஃபைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். "நல்லா பண்றான்" என்ற பதில் போதாது. அவன் எட்ட வேண்டிய அளவைக் காட்டும் இலக்குக் கோடு அதில் இருக்கும்; தொடர்ந்து நாலு புள்ளிகள் அதற்குக் கீழே இருந்தால், சொல்லிக்கொடுக்கும் முறையை எப்படி மாற்றப்போகிறீர்கள் என்று கேளுங்கள்.

அப்புறம், வீட்டில் தமிழை நிறுத்திவிடாதீர்கள். அவன் தமிழைச் சரளமாக வாசிப்பானா, அதிலும் திணறுவானா என்பதை டீச்சரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சிக்கல் ஆங்கிலம் புதிது என்பதாலா, டிஸ்லெக்ஸியா (வாசிப்புக் குறைபாடு) போன்ற வேறு காரணத்தாலா என்று பிரித்தறிய அது பெரிய உதவி. குடும்பத்தில் வேறு யாருக்காவது வாசிப்பில் சிரமம் இருந்திருந்தால் அதையும் மறைக்க வேண்டாம்.

சில பள்ளிகளில், "டியர் எல்லாம் முடியட்டும், குறைபாடு இருக்கிறதா என்று பிறகு பரிசோதிக்கலாம்" என்பார்கள். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்காதீர்கள். குறைபாடு இருக்குமோ என்ற சந்தேகம் இருக்கும்போது இதைக் காரணம் காட்டிப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது என்று அமெரிக்க மத்தியக் கல்வித்துறை 2011-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. முழுப் பரிசோதனை வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். டெக்சாஸில் 15 பள்ளி நாட்களுக்குள் பதில் தர வேண்டும். நீங்கள் சம்மதக் கையெழுத்துப் போட்டபின் பொதுவாக 45 பள்ளி நாட்களுக்குள் அறிக்கை தயாராக வேண்டும். மின்னஞ்சலில் அனுப்பினால் தேதி பதிவாகிவிடும். மீட்டிங்குக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேளுங்கள், செலவு பள்ளியுடையது.