பட்டியலில் தெரியும் இமோஜி கமிட்டில் ஏன் வரவில்லை?
கேள்வி கேட்டுக் கமிட் செய்தியை (கோட் மாற்றத்தோடு பதியும் குறிப்பை) எழுத உதவும் சீசெட்-கிட் (cz-git) கருவியின் கேள்விகளைச் சீனத்துக்கு மாற்றியபின், தேர்வுப் பட்டியலில் இமோஜி தெரிகிறது, கமிட் செய்தியில் மட்டும் வரவில்லை என்கிறீர்கள். சீன எழுத்தால் வந்த சிக்கல் இல்லை இது. அமைப்புக் கோப்பில் ஒவ்வொரு வகைக்கும் உள்ள 'நேம்' (name) என்ற புலம் திரையில் காட்ட மட்டும். அதில் சீன விளக்கத்தோடு இமோஜியை ஒட்டினாலும் கமிட்டுக்குள் போகாது. போவது வகைச்சொல்லைத் தரும் 'வேல்யூ' (value), அப்புறம் 'இமோஜி' என்ற தனிப் புலம். இமோஜி போவதும் 'யூஸ்இமோஜி' (useEmoji) என்ற அமைப்பு ட்ரூ என்று இருந்தால்தான். இயல்பில் அது ஃபால்ஸ்.

சரி, ட்ரூ ஆக்கியதும் இமோஜியை வரியின் முதலில் வைத்துவிடாதீர்கள். கமிட் செய்தியின் வடிவத்தைச் சரிபார்க்கும் கமிட்லின்ட் கருவி, வழக்கமான விதிப்படி முதலில் 'ஃபீட்', 'ஃபிக்ஸ்' போன்ற வகைச்சொல்லைத் தேடும்; இமோஜி முன்னே நின்றால், வகை காலி என்று தடுத்துவிடும். நான் இதில் ஒரு மாலை முழுக்க மாட்டிக்கொண்டேன். இமோஜியை வகைச்சொல்லை அடுத்து வரும் கோலனுக்குப் (:) பின்னால் வையுங்கள். இமோஜிப் படத்தையே இடுங்கள்; அதற்குப் பதில் எழுதும் 'ஸ்பார்க்கிள்ஸ்' (:sparkles:) போன்ற எழுத்துக் குறியீடு கிட்ஹப்பில் படமாகும், டெர்மினலில் வெறும் எழுத்தாகவே நிற்கும்.