‘ஆல்வேஸ்’, ‘நெவர்’ எல்லாம் வாக்கியத்தில் எங்கே உட்காரும்?

‘ஐ ஆல்வேஸ் டிரிங்க் காபி’ சரி என்றால் ‘ஐ ஆல்வேஸ் ஆம் லேட்’ ஏன் சரியில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். எத்தனை முறை என்பதைச் சொல்லும் ஆல்வேஸ், ஆஃபன், நெவர் ஆகியவை முதன்மை வினைக்கு முன்னால் வரும். ‘ஆம், இஸ், ஆர், வாஸ், வேர்’ மட்டும் விதிவிலக்கு. அவற்றுக்குப் பின்னால் போகும்: ‘ஐ ஆம் ஆல்வேஸ் லேட்’. (‘ஆம்’ மீது அழுத்தம் கொடுத்துச் சொல்லும்போது முன்னாலும் வரும், அது பேச்சில் தனி வகை.) துணைவினைகள் இருந்தால் முதலாவதை ஒட்டி: ‘ஷி ஹேஸ் நெவர் பீன் இன்வைட்டட்’.

நம்மவர்கள் அதிகம் வழுக்குவது இதிலல்ல, ‘நன்றாக’ என்பதில்தான். தமிழில் ‘ஆங்கிலம் நன்றாகப் பேசுவாள்’, ‘நன்றாக ஆங்கிலம் பேசுவாள்’ இரண்டும் செல்லும்; வேற்றுமை உருபு இருப்பதால் சொல்வரிசை தளர்வானது. ஆங்கிலத்தில் வினையையும் செயப்படுபொருளையும் பொதுவாகப் பிரிக்கக் கூடாது. ‘ஷி ஸ்பீக்ஸ் வெல் இங்கிலீஷ்’ தவறு, ‘ஷி ஸ்பீக்ஸ் இங்கிலீஷ் வெல்’ சரி. செயப்படுபொருள் மிக நீளமாக இருந்தால் மட்டும் இது கொஞ்சம் தளரும்.

இடமும் காலமும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் இடம் முதலில்: ‘வி வென்ட் டு மதுரை யெஸ்டர்டே’. ‘யெஸ்டர்டே’யை வாக்கியத் தொடக்கத்திலும் வைக்கலாம், நடுவில் வேண்டாம். ‘இனஃப்’ பெயரடைக்குப் பின்னால்தான்: ‘பிக் இனஃப்’.